ஏழு உயிர்ப்புள்ளிகளோடு நின்றவன் ஏன் விழுந்தான்?

சண்டை இப்போதுதான் முடிந்திருக்கிறது. எதிரிகள் அனைவரும் வீழ்ந்துவிட்டார்கள். உங்கள் வீரன் வாளை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்குகிறான். அவனிடம் இன்னும் 7 உயிர்ப்புள்ளிகள் இருக்கின்றன. யாரும் அவனை அடிக்கவில்லை. நஞ்சு இல்லை, பொறி இல்லை. ஆனாலும் அடுத்த சில நொடிகளில் அவன் நினைவிழந்து தரையில் சாய்கிறான். ஆட்டத்தை நடத்துபவர் உங்களைப் பார்த்துச் சொல்கிறார்: "உன் உயிர்ப்புள்ளி இப்போது மைனஸ் 3."

இதில் மாயம் எதுவும் இல்லை. வெறும் கழித்தல்தான். ஆனால் அந்தக் கழித்தல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், நிகழ்தகவும் கணினி நிரலாக்கமும் மனித நினைவாற்றலும் சந்திக்கும் ஓர் இடத்துக்கு வந்து சேருவீர்கள்.

பழக்கமில்லாதவர்களுக்குச் சிறு அறிமுகம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பாத்திரமேற்று விளையாட்டு. அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி 1974இல் வெளிவந்தது. ஒருவர் ஆட்ட நடத்துநர். கதையைச் சொல்வதும் எதிரிகளை இயக்குவதும் அவர் வேலை. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். பாத்திரத்தின் வலிமை, உடலுறுதி, அறிவு போன்றவை எண்களாக ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும். ஒரு செயல் பலித்ததா இல்லையா என்பதை 20 முகங்கள் கொண்ட பகடை தீர்மானிக்கும்.

கைப்பேசி விளையாட்டுகளிலும் இதே எண்கள் உண்டு. உங்கள் பாத்திரம் ஒரு மருந்தைக் குடித்தால் திரையின் மூலையில் ஒரு சிறு படம் தோன்றும்; நேரம் குறைந்துகொண்டே வரும்; பிறகு படம் மறையும். இடைப்பட்ட நேரத்தில் எந்தெந்த எண் எவ்வளவு கூடியது, எப்போது பழைய நிலைக்குத் திரும்பியது என்பதையெல்லாம் கருவி பார்த்துக்கொள்ளும். மேசை விளையாட்டில் அப்படி ஒரு கருவி இல்லை. பென்சிலும் அழிப்பானும் வைத்திருக்கும் நீங்கள்தான் அந்தக் கருவி.

ஒரு நூலை இழுத்தால்

இந்த விளையாட்டின் மூன்றாம் பதிப்பு 2000இல் வந்தது. 2003இல் அதைத் திருத்தி 3.5 என்ற பதிப்பை வெளியிட்டார்கள். தற்காலிக போனஸ் கணக்கு மிகவும் சிக்கலாக இருந்த பதிப்புகளில் இதுவும் ஒன்று என்பதால், நம் பாடத்துக்கு இதுவே பொருத்தம்.

விதி எளிமையானது. ஓர் ஆற்றலின் எண்ணிலிருந்து 10ஐக் கழியுங்கள், மீதியைப் பாதியாக்குங்கள், பின்னம் வந்தால் கீழ்நோக்கி முழுமைப்படுத்துங்கள். கிடைப்பதுதான் பகடையில் விழும் எண்ணோடு சேர்க்கும் கூட்டெண். வலிமை 15 என்றால் 5இல் பாதி இரண்டரை. ஆகவே கூட்டெண் +2.

இப்போது உங்கள் நண்பரின் பாத்திரமான மந்திரவாதி 'காளை வலிமை' என்ற மந்திரத்தை உங்கள் வீரன்மீது ஏவுகிறார். வலிமைக்கு +4. எண் 15லிருந்து 19 ஆகிறது. கூட்டெண் +2லிருந்து +4 ஆகிறது. வேலை முடிந்துவிட்டதா? இல்லை. அடி படுவதற்கான பகடையில் அந்தக் கூட்டெண் இருக்கிறது. அதை மாற்ற வேண்டும். இரு கைகளால் பிடிக்கும் வாளாக இருந்தால், அடியின் சேதத்தில் கூட்டெண்ணின் ஒன்றரை மடங்கு சேரும். அது 3லிருந்து 6 ஆகிறது. மரம் ஏறுவது, நீந்துவது, தாண்டுவது எல்லாம் வலிமையைச் சார்ந்தவை. எவ்வளவு சுமை தூக்கலாம் என்பதும் மாறுகிறது. சேலையில் ஒரு நூலை இழுத்தால் துணி முழுவதும் சுருங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அப்படித்தான்.

இனி, விழுந்த வீரனிடம் வருவோம். அவன் 5ஆம் நிலையில் உள்ள பார்பேரியன், அதாவது சண்டையில் ஆவேசம் கொள்ளும் காட்டு வீரன். ஆவேசம் வந்தால் அவனுடைய வலிமைக்கு +4, உடலுறுதிக்கும் +4. உடலுறுதி 14 என்பது 18 ஆனால் கூட்டெண் +2லிருந்து +4 ஆகும். அந்தக் கூட்டெண் அவன் எட்டிய ஒவ்வொரு நிலைக்கும் ஒரு முறை உயிர்ப்புள்ளியில் சேர்கிறது. 5 நிலைகள், நிலைக்கு 2 வீதம் 10 புள்ளிகள் கூடுதலாக வருகின்றன. ஆவேசம் அடங்கும்போது அந்த 10ம் போய்விடும். அவனிடம் மிஞ்சியிருந்தது 7. ஏழிலிருந்து பத்து போனால்?

வேறு சில மந்திரங்கள் தரும் 'தற்காலிக உயிர்ப்புள்ளிகள்' இப்படி இல்லை. அவை ஒரு தனிக் கிண்ணம் மாதிரி. அடி விழும்போது முதலில் அந்தக் கிண்ணம்தான் காலியாகும். மிச்சம் இருந்தால் நேரம் முடிந்ததும் மறையும். உங்கள் சொந்தப் புள்ளிகளை அது தொடாது. ஆவேசத்தின் 10 புள்ளிகளோ உங்கள் கிண்ணத்துக்குள்ளேயே ஊற்றப்படுகின்றன. பிறகு யார் பங்கு எது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. நேரம் முடிந்ததும் 10 அப்படியே எடுக்கப்படும்.

அந்தப் பதிப்பில் மைனஸ் 1 முதல் மைனஸ் 9 வரை இருந்தால் பாத்திரம் நினைவிழந்து கிடக்கும். பெரும்பாலும் சுற்றுக்கு ஒரு புள்ளி குறையும். மைனஸ் 10ஐத் தொட்டால் மரணம். 10ஆம் நிலை வீரனுக்கு நிலைமை இன்னும் மோசம். அவனுக்குக் கூடுதல் புள்ளி 20. ஆவேசம் அடங்கும் நேரத்தில் 9 புள்ளிகளோடு அவன் சிரித்துக்கொண்டு நின்றால், அடுத்த நொடி மைனஸ் 11. நேராக மரணம்தான்.

இதைத் தடுக்க முடியுமா? முடியும். ஆவேசம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது விதியிலேயே இருக்கிறது. மூன்றோடு, உயர்த்தப்பட்ட உடலுறுதியின் கூட்டெண்ணைச் சேருங்கள்: 3 + 4 = 7 சுற்றுகள். ஒரு சுற்று என்பது கதைக்குள் 6 விநாடி. இது ஆறாவது சுற்று என்று மேசையில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும். வைத்தியம் தெரிந்த பாத்திரம் ஓடிப்போய்க் காப்பாற்றிவிடலாம். யாருக்கும் தெரியவில்லை என்றால், பல மாதங்களாக நீங்கள் வளர்த்த பாத்திரம் எண்ணிக்கை தவறியதால் சாகும்.

எண்ணுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. மூன்றாம் சுற்றில் தொடங்கி 10 சுற்று நீடிக்கும் மந்திரம் எப்போது முடியும்? 13 என்பார்கள் சிலர், 12 என்பார்கள் சிலர். 3ஆம் தேதி முதல் 10 நாள் விடுமுறை என்றால் கடைசி விடுமுறை நாள் 12. பள்ளிக்குப் போக வேண்டியது 13ஆம் தேதி. மந்திரமும் அதே மாதிரிதான். 13ஆம் சுற்றில், அது தொடங்கிய அதே முறை வருவதற்குச் சற்று முன்பு முடிந்துவிடும். நிரல் எழுதப் பழகுகிறவர்கள் மடக்குக் கட்டளையில் ஒன்று கூட்டியோ ஒன்று குறைத்தோ எண்ணிவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்வது இதே காரணத்தால்தான்.

அழிப்பானின் ஆபத்து

மந்திரம் வந்தவுடன் தாளில் 15ஐ அழித்துவிட்டு 19 என்று எழுதுவதுதான் பலரும் செய்வது. முடிந்ததும் 4ஐக் கழித்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். கூட்டலுக்கு எதிர்ச்செயல் கழித்தல்தானே?

இந்த வீரன் ஒரு மந்திரக் கையுறை அணிந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அது வலிமைக்கு +2 தருகிறது. ஆகவே 15 ஏற்கெனவே 17 ஆகியிருக்கிறது. இப்போது காளை வலிமை மந்திரம் விழுகிறது. 17 + 4 = 21 என்று எழுதினால் தவறு. கையுறையும் மந்திரமும் தருபவை இரண்டும் 'மேம்பாட்டு' வகை போனஸ். ஒரே வகையில் இரண்டு இருந்தால் பெரியது மட்டுமே செல்லும் என்பது விதி. எனவே சரியான எண் 19. மந்திரம் முடிந்ததும் 19இலிருந்து 4ஐக் கழித்தால் 15 வருகிறது. அதுவும் தவறு, ஏனெனில் கையுறை இன்னும் கையில்தான் இருக்கிறது. சரியான விடை 17.

எங்கே தடுக்கியது? நாம் செய்தது கூட்டல் அல்ல. 2, 4 ஆகிய இரண்டில் பெரியதைத் தேர்ந்தெடுத்தோம். பெரியதைத் தேர்ந்தெடுக்கும் செயலுக்கு எதிர்ச்செயல் கிடையாது. தாளில் 19 என்று மட்டும் எழுதியிருந்தால், அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் 2 எங்கே என்று அந்த எண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தகவல் அழிந்துவிட்டது.

ஆகவே அடிப்படை எண்ணை மைபோட்டு எழுதி அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். போனஸ்களைப் பக்கத்தில் தனிப் பட்டியலாக வைத்திருங்கள். இறுதி எண் தேவைப்படும் ஒவ்வொரு முறையும் அடிப்படையிலிருந்து தொடங்கி மறுபடி கூட்டுங்கள். ஒரு மந்திரம் முடிந்தால் பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டால் போதும். எதையும் கழிக்க வேண்டாம். எக்செல் போன்ற விரிதாள் செய்வதும் இதைத்தான். ஒரு கட்டத்தில் விடையை எழுதிவைக்காமல் சூத்திரத்தை எழுதிவைக்கிறோம். மூல எண் மாறினால் விடை தானே மாறுகிறது. விளையாட்டு நிரல் எழுதும் ஆர்வம் உங்களுக்கு இருந்தால், மருந்து குடித்த பாத்திரத்தின் வலிமையை நேரடியாக மாற்றி எழுதும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

குடைக்குள் குடை

ஒரே வகை போனஸ் இரண்டு ஏன் சேரக்கூடாது? மழையில் குடை பிடித்திருக்கிறீர்கள். அந்தக் குடைக்கு மேலே இன்னொரு குடையைப் பிடித்தால் நனைவது பாதியாகக் குறையாது. ஆனால் குடையோடு மழைக்கோட்டும் போட்டுக்கொண்டால் பயன் உண்டு. அது வேறு வகைப் பாதுகாப்பு. பேரங்காடிச் சலுகைச் சீட்டுகளில் 'மற்ற சலுகைகளுடன் சேர்த்துப் பயன்படுத்த முடியாது' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதும் இதே தற்காப்புதான். அந்த வரி இல்லையென்றால் யாராவது பத்துச் சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டு வந்து பொருளை இலவசமாகக் கேட்பார்.

20 முகப் பகடையில் ஒவ்வொரு முகமும் விழ 5 விழுக்காடு வாய்ப்பு. ஆக, +1 என்பது வழக்கமாக 5 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்வு. போனஸ்கள் எல்லையில்லாமல் சேர்ந்து +20ஐ நெருங்கினால் பகடையை உருட்டுவதற்கே அர்த்தமில்லை. எது விழுந்தாலும் வெற்றி என்றால் எதற்கு விளையாட வேண்டும்?

3.5 பதிப்பில் இத்தகைய வகைகள் ஏராளம்: மேம்பாடு, மனஊக்கம், அதிர்ஷ்டம், விலகல் என்று நீளும். விலகல் வகை, வகைப் பெயர் இல்லாத போனஸ்கள் போன்றவை ஒன்றோடொன்று சேரும் என்று விதிவிலக்கு வேறு. பார்பேரியனின் ஆவேசம் வகைப் பெயர் இல்லாதது, ஆகவே அது காளை வலிமையோடு சேரும். விதி நியாயமானதுதான். ஆனால் பகுத்தறியும் வேலை முழுவதும் மேசையில் இருப்பவர் தலையில்.

தலை எவ்வளவு தாங்கும்? அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஒரு நேரத்தில் மனம் பிடித்துவைத்திருக்கக்கூடியவை ஏழு, அல்லது அதற்கு இரண்டு கூட, இரண்டு குறைவு என்றது. பின்னர் 2001இல் நெல்சன் கோவன் அந்த எண்ணிக்கை நான்கை ஒட்டித்தான் இருக்கும் என்று வாதிட்டார். ஐந்து பேர் ஆடும் மேசையில் ஆளுக்கு இரண்டு போனஸ் இருந்தாலே பத்து. அதோடு கதையையும் கேட்க வேண்டும், நொறுக்குத்தீனியையும் கவனிக்க வேண்டும்! மறதியை ஒருவரின் சோம்பல் என்று திட்டுவதில் பயனில்லை.

விதி எழுதியவர்கள் கற்றுக்கொண்டவை

பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டு 3.5இன் விதிகளிலிருந்து பிறந்து 2009இல் வெளிவந்தது. ஒரு நாளோ அதற்குக் குறைவாகவோ நீடிக்கும் உயர்வு, ஆற்றல் எண்ணையே மாற்றாது என்று அது வகுத்தது. ஒவ்வொரு 2 புள்ளிக்கும் குறிப்பிட்ட சில பகடைகளில் +1 சேர்த்துக்கொண்டால் போதும். மேலே பார்த்த 'அடிப்படையைத் தொடாதே' என்ற பாடம் இங்கே விதியாகவே மாறிவிட்டது. 2019இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு வகைகளை மூன்றாகக் குறைத்தது: சூழ்நிலை, நிலைமை, பொருள். ஒவ்வொரு வகையிலும் பெரியது மட்டும். எத்தனை மந்திரம் பொழிந்தாலும் ஒரு பகடைக்கு மூன்று போனஸுக்கு மேல் கூட்ட வேண்டியதில்லை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2008ஆம் ஆண்டு நான்காம் பதிப்பு வேறொரு தந்திரம் செய்தது. பாத்திரங்களைப் பீடிக்கும் பல தீய விளைவுகளுக்குச் சுற்று எண்ணிக்கையே கிடையாது. உங்கள் முறை முடியும்போது பகடையை உருட்டுங்கள். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் விளைவு நீங்கும். அதற்கான வாய்ப்பு ஒவ்வொரு முறையும் 55 விழுக்காடு. இது எத்தனையாவது சுற்று என்று யாரும் நினைவில் வைத்திருக்க வேண்டாம். பள்ளியில் கதிரியக்கச் சிதைவு படித்தவர்களுக்கு இது பழக்கமான வடிவம்: ஓர் அணு எவ்வளவு காலமாகச் சிதையாமல் இருக்கிறது என்பது, அடுத்த நொடியில் அது சிதையும் வாய்ப்பை மாற்றுவதில்லை. மூன்று முறை உருட்டியும் விளைவு நீங்காதிருக்க வாய்ப்பு சுமார் 9 விழுக்காடு. அந்த 9இல் மாட்டிக்கொள்பவருக்கு எரிச்சல் வரும்தான்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இன்னும் துணிந்தது. சிறுசிறு போனஸ்களில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு 'அனுகூலம்' என்ற ஒன்றை வைத்தது. நிலைமை சாதகமாக இருந்தால் இரண்டு பகடைகளை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். 11 தேவை என்றால் வழக்கமான வாய்ப்பு 50 விழுக்காடு. இரண்டு பகடையும் தவறினால்தான் இப்போது தோல்வி. அதற்கு வாய்ப்பு பாதியில் பாதி, 25. ஆக வெற்றி 75 விழுக்காடு. இது +5 போனஸுக்குச் சமம். ஆனால் 20 விழுந்தால்தான் உண்டு என்ற நிலையில் 5 விழுக்காடு 9.75 ஆகிறது, அதாவது +1ஐவிடச் சற்றுக் குறைவு. நடுத்தரமான செயலில்தான் அனுகூலம் அதிகம் கைகொடுக்கும். சாதகங்கள் எத்தனை சேர்ந்தாலும் பகடை இரண்டுதான். ஒரு பாதகமும் இருந்தால் இரண்டும் ரத்து. பட்டியலும் வேண்டாம், கூட்டலும் வேண்டாம்.

பார்பேரியனின் ஆவேசத்தையும் அவர்கள் மாற்றி எழுதினார்கள். இப்போது அது உடலுறுதி எண்ணைத் தொடுவதே இல்லை. வெட்டு, குத்து, மோதல் போன்ற அடிகளின் சேதம் பாதியாகும். தன் அடியில் சிறு போனஸ் சேரும். தாங்கும் திறன் கிட்டத்தட்ட அதே, ஆனால் அடங்கும்போது திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் இல்லை. 7 புள்ளியோடு நிற்பவன் 7 புள்ளியோடே நிற்பான். அந்தத் திடீர்ச் சாவில் ஒரு நாடகம் இருந்தது என்று ஏங்குபவர்கள் உண்டு. எனக்கோ புதிய விதிதான் பிடித்திருக்கிறது. சாவதென்றால் ஒரு டிராகனிடம் சாகலாம்; கழித்தலிடம் வேண்டாம்.

மேசையில் என்ன செய்யலாம்

விதி எவ்வளவு எளிதானாலும் சில போனஸ்கள் மிஞ்சும். ஐந்தாம் பதிப்பின் 'ஆசி' மந்திரம் மூன்று பேருக்கு ஒரு நிமிடம் வரை கிடைக்கும். தாக்கும்போது 20 முகப் பகடையோடு ஒரு 4 முகப் பகடையையும் கூட்டிக்கொள்ளலாம். அடிக்கடி மறந்துபோகும் போனஸ் இது. சராசரி உயர்வு 2.5, அதாவது 12.5 விழுக்காடு. மூன்று பேர் மூன்று சுற்றுக்குத் தாக்கினால் ஒன்பது முயற்சி. அதில் ஏறக்குறைய ஓர் அடி இந்த மந்திரத்தால் மட்டுமே படும்.

இங்கே நிகழ்தகவு ஒரு குறுக்குவழி தருகிறது. முதல் பகடையிலேயே அடி பட்டுவிட்டால் சிறிய பகடை எதையும் மாற்றப்போவதில்லை. ஐந்தோ அதற்கு மேலோ குறைந்திருந்தாலும் அது உதவாது. 1 முதல் 4 வரை குறைந்து தவறினால் மட்டும் அதை உருட்டுங்கள். இரண்டு பகடைகளும் ஒன்றையொன்று பாதிப்பதில்லை என்பதால் முடிவில் எந்த வேறுபாடும் வராது. வேலை மட்டும் குறையும்.

யார் நினைவில் வைத்திருப்பது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். என் பரிந்துரை: மந்திரத்தை ஏவியவரே அதற்குப் பொறுப்பு. போனஸின் அளவு, வகை, முடியும் சுற்று மூன்றையும் ஓர் அட்டையில் எழுதி, பெறுபவரின் தாள்மீது வைத்துவிடுங்கள். முடிந்ததும் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுகளை எண்ண ஒரு பகடையைத் திருப்பித் திருப்பி வைக்கலாம். வீட்டில் பல்லாங்குழிச் சோழிகள் இருந்தால் இன்னும் நல்லது, சுற்றுக்கு ஒன்றாக எடுத்துவிடலாம். "ஐயையோ, ஆசி இருந்ததே!" என்று யாராவது தாமதமாகக் கூவினால்? அடுத்தவர் பகடையை உருட்டும்வரை திருத்தலாம், அதன்பின் இல்லை என்று வைத்துக்கொண்டால் சண்டை வராது. நண்பர்களுக்குள் மனக்கசப்பு பெரும்பாலும் எண்ணால் வருவதில்லை. ஒருவருக்கு விட்டுக்கொடுத்ததை இன்னொருவருக்கு மறுப்பதால் வருவது அது.

கடைசியாக ஒரு கணக்கு; 3.5 விதிகளின்படி போடுங்கள். பார்பேரியனின் வலிமை 14, உடலுறுதி 14. கையில் +2 மேம்பாட்டுக் கையுறை. இரண்டாம் சுற்றில் அவன்மீது காளை வலிமை விழுகிறது. அது 30 சுற்று நீடிக்கும். நான்காம் சுற்றில் ஆவேசம் கொள்கிறான். ஆவேசம் அடங்கியபின் சோர்வு வரும். அந்தச் சண்டை முடியும்வரை வலிமைக்கு மைனஸ் 2. முதல், மூன்றாம், ஐந்தாம், பதினொன்றாம் சுற்றுகளில் அவன் முறை வரும்போது வலிமை என்ன? பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள், 14ஐ மட்டும் அழிக்காதீர்கள்.

விடை: 16, 18, 22, 16.